ஸ்ட்ரிப்புக்குத் தெரியாத சிவப்பு

பாத்ரூம் குப்பைக் கூடையில் கிடந்த அந்த ஸ்ட்ரிப்பை வேறு எந்த வீட்டிலும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கை கழுவ வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரி லேபில் வருஷக்கணக்காக அடுத்தவர் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளுக்குக் குப்பைக் கூடையைக்கூட ஒரு நோட்டம் விடாமல் இருக்க வராது. அவள் கணவர் அவளுக்குச் சோதனைக்காரி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

ஸ்ட்ரிப் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதன்மேல் சின்னச் சின்னதாக வண்ணக் கட்டங்கள். சிறுநீரில் முக்கி எடுத்துச் சற்றுப் பொறுத்தால் கட்டங்கள் நிறம் மாறும், அல்லது மாறாது. மாறாமல் இருந்தால் நிம்மதி. மற்ற வீடுகளில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இருப்பதைப்போல இந்த வீட்டில் எப்போதும் ஒரு டப்பா ஸ்ட்ரிப் இருக்கும். எல்லாம் மகளுக்காக.

மகளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பதிமூன்று வயது. பிறக்கும்போதே முதுகெலும்பில் கோளாறு. இடுப்புக்குக் கீழே கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. அதற்கும் சேர்த்து வாய் வேலை செய்யும். சிறுநீரை அவளே குழாய் வைத்து எடுத்துக்கொள்வாள். குழாய் என்று வந்துவிட்டால் கிருமியும் அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கும். அதனால்தான் ஸ்ட்ரிப்.

அதைப் படிக்கும் வித்தையை அப்பாவுக்கும் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தவள் இவள்தான். "இந்தக் கட்டம் ஊதாவானா கிருமி. இந்தக் கட்டம் பச்சையானா ரத்தம். அவ்வளவுதான். மத்ததுல மூக்கை நுழைக்காதீங்க" என்று அரை நிமிஷத்தில் வகுப்பை முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தொழில் தெரிந்தவர்கள் வீட்டில் இப்படித்தான். ஊருக்கெல்லாம் பொறுமையாக விளக்குவார்கள்; வீட்டு மனுஷர்களுக்குப் பாதியைத்தான் சொல்வார்கள்.

குப்பைக் கூடையில் கிடந்த ஸ்ட்ரிப்பில் அந்த ரத்தக் கட்டம் கரும்பச்சையாக இருந்தது. காய்ந்துபோன ஸ்ட்ரிப்பின் நிறத்தை நம்பக் கூடாது என்று லேபில் புதிதாகச் சேருகிறவர்களை அவளே அதட்டியிருக்கிறாள். தொட்டுப் பார்த்தாள். ஈரம் போகவில்லை. மகளுக்குக் கிட்னியில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த கணம் மகளின் அறை வாசலில் நின்றாள்.

"வாலு, இன்னிக்கு டெஸ்ட் பண்ணியா?"

"இன்னிக்கா? சனிக்கிழமையே பண்ணிட்டேனே. எல்லாக் கட்டமும் சுத்தம்." புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "ஏம்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

"உன் மூஞ்சி சும்மா கேக்கற மூஞ்சியா இல்லையே."

அவள் திரும்பி நடந்தாள். மகள் இல்லை, தான் இல்லை. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் அப்போது பால்கனியில் நின்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சக்கர நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன் திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தார்.

கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார். நாள் முழுக்க அசையாத அந்த உடம்புக்கு இருந்த ஒரே உழைப்பு மகளைத் தூக்குவது. அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பழைய சக்கர நாற்காலி ஒன்றைக் கீழே படிக்கட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். புதியது மேலே வீட்டில். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருந்த படிகளுக்கு அவர்தான் பொறுப்பு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த வேலை. காலையில் இறக்குவார், சாயங்காலம் ஏற்றுவார்.

குழந்தை அப்படியே இருந்துவிடுமா? வளர்ந்தாள். தோள்கள் அகன்றன, எடை கூடியது. பள்ளிக்கூடம் விடுமுறைக்கு மூடிய கடைசி நாள் சாயங்காலம், இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் மகளோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது என்றார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது செருப்பு. மகள் அதைப் பார்த்தாள். அதிசயமாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

அந்த மனுஷர் இந்த இரண்டு நாளாக ஒரு தினுசாகத்தான் இருந்தார். தண்ணீர் மோட்டாரை எப்படிப் போடுவது, நாற்காலியை டாக்ஸியில் எப்படி மடக்கி வைப்பது என்று அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். டி.வி. சத்தத்துக்காக மகளோடு தினமும் நடக்கும் சண்டையைக்கூட விட்டுக்கொடுத்தார். தலை சீவும்போது கையை மேலே தூக்க முடியாமல் முகம் சுளித்ததையும் அவள் பார்த்திருந்தாள். ஒருக்களித்துப் படுத்திருப்பார், சுளுக்கு என்று விட்டுவிட்டாள்.

பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு ஸ்ட்ரிப்பை அவர் முன்னால் நீட்டினாள்.

"இது யாருது?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கென்னம்மா தெரியும்? வாலுவோடதா இருக்கும்."

"அவளோடது இல்ல. என்னோடதும் இல்ல. பொய் சொல்ல உங்களுக்கு வராதுங்க. விட்டுடுங்க."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நேத்துலேர்ந்து," என்றார். "டிகாஷன் மாதிரி போகுது. வலியே இல்ல. அண்ணனுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது."

அவருடைய அண்ணன் அப்படித்தான் போனார். சிவப்பாகப் போகிறது என்று யாரிடமும் சொல்லாமல் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்தபோது புற்றுநோய் சிறுநீர்ப்பையைத் தாண்டிப் பரவியிருந்தது. கடைசி நாட்களில் அவரைக் குளிப்பாட்டியவர் இந்தத் தம்பிதான்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"ஸ்கூல் திறக்கட்டும்னு பாத்தேன். லீவுல இருக்கிற பிள்ளை. சிரிச்சுக்கிட்டு இருக்கு."

"ஓஹோ. ஸ்கூல் திறந்ததும் நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க, நான் மோட்டார் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுக்குத்தான் எனக்குப் பாடம் எடுத்தீங்களா?"

திட்டத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. அவர் அவள் தோளைத் தொடக் கையைத் தூக்கினார். கை பாதிதான் ஏறியது. இரண்டு பேரும் கவிழ்ந்து கிடந்த நாற்காலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதார்கள். உள்ளே மகள் டி.வி. சத்தத்தை ஏற்றினாள். தடுக்க ஆளில்லை.

மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பியவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சிறுநீரை வாங்கிக்கொண்டாள். ரத்தத்தையும் அவளே எடுத்தாள். அவள் ஊசி குத்துவது குத்துப்படுகிறவர்களுக்கே தெரியாது என்று பேர் வாங்கியவள். அன்றைக்கு அவர் நரம்பு கண்ணுக்கு முன்னால் இருந்தும் தேட வேண்டியிருந்தது. "போங்க, மத்தியானம் கூப்பிடறேன்" என்று அனுப்பிவிட்டு, லேப் கோட்டை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஸ்ட்ரிப் மறுபடியும் பச்சை. எதிர்பார்த்ததுதான். அடுத்து, சிறுநீரைச் சுழற்றுகிற மெஷினில் வைத்தாள். சிறுநீரில் ரத்தம் கலந்திருந்தால் அது சுற்றுகிற வேகத்தில் ரத்த அணுக்கள் அடியில் சிவப்பாகப் படியும், மேலே தெளியும். மெஷின் நின்றது. குழாயை எடுத்தாள். அடியில் ஒன்றுமே படியவில்லை. மேலே அப்படியே பழுப்பு. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். சிவப்பணு ஒன்றுகூட இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். இல்லை.

ஸ்ட்ரிப் ரத்தம் என்கிறது, மைக்ராஸ்கோப் ரத்தமே இல்லை என்கிறது. வேறு யாருடைய சிறுநீராக இருந்தாலும் அடுத்தது என்ன என்று தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள். இது அவருடையது. மூளை ஓடவில்லை. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

லேபுக்குத் தலைமை ஒரு டாக்டர். இவளைவிட இளையவள், அக்கா என்று கூப்பிடுகிறவள். வந்து தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"அக்கா, பிளட் எடுத்தீங்கல்ல? சீரம் என்ன கலர்?"

அப்போதுதான் இவளுக்கு உயிர் வந்தது. ரத்தம் பிடித்த டியூபையும் சுழற்றி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். அணுக்களெல்லாம் அடியில் இறங்கிவிட, மேலே நின்ற சீரம் இளமஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது.

"ஹீமோகுளோபினா இருந்தா இது ரோஸ் கலர்ல இருக்கணும்," என்றாள் டாக்டர்.

"மயோகுளோபின்," என்றாள் இவள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. கருவிகளைத் துடைக்க வைத்திருந்த காகிதத்தால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். லேபில் அப்படிச் செய்வது குற்றம்.

இந்த இரண்டு பெயரையும் கொஞ்சம் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். அரை நிமிஷ வகுப்பு எடுத்த பாவம் நமக்கு வேண்டாம். இரண்டுமே புரதம். இரண்டுமே இரும்பை வைத்துக்கொண்டு மூச்சுக்காற்றைப் பிடித்துக்கொள்வதால் இரண்டுமே சிவப்பு. ஹீமோகுளோபின் இருப்பது ரத்த அணுக்களுக்குள். நாலு இழை சேர்ந்த பெரிய உருப்படி. நுரையீரலில் காற்றை வாங்கி உடம்பெல்லாம் சுற்றிக் கொடுத்துவிட்டு வருவது அதன் வேலை. மயோகுளோபின் ஒற்றை இழை, சின்னது. அது எங்கேயும் சுற்றுவதில்லை. தசைக்குள்ளேயே உட்கார்ந்து, அந்தத் தசைக்கு மூச்சு முட்டும்போது கொடுக்கவென்று கொஞ்சம் காற்றைப் பத்திரமாக வைத்திருக்கும். ரத்த அணு உடைந்தால் ஹீமோகுளோபின் வெளியே வந்து சீரத்தில் தேங்கி அதைச் சிவப்பாக்கும். தசை உடைந்தால் மயோகுளோபின் வரும். அது சின்னது என்பதால் சீரத்தில் நிற்காமல் கிட்னி வழியாக நழுவிச் சிறுநீரைப் பழுப்பாக்கிவிடும். ஸ்ட்ரிப்புக்கு இதெல்லாம் தெரியாது. அது பார்ப்பது அந்த இரும்பை மட்டும்தான். இரண்டுக்கும் ஒரே பச்சையைக் காட்டும்.

ஆக, அண்ணனுக்கு வந்தது இவருக்கு வரவில்லை. ஆனால் கும்பிடு போட்டுவிட்டு உட்காரவும் முடியாது. உடைந்து வருகிற மயோகுளோபின் அளவுக்கு மீறினால் கிட்னியையே அடைத்துவிடும். அது தெரிந்ததால் அவள் அழுது முடிப்பதற்குள் போனை எடுத்தாள்.

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லையே." பின்னால் லென்ஸ் தீட்டும் மெஷின் சத்தம் கேட்டது.

"கரன்ட் ஷாக் ஏதாவது?"

"இல்லம்மா."

"எனக்குத் தெரியாம மாத்திரை எதாவது போட்டீங்களா?"

"உன்னைக் கேக்காம நான் இருமல் மிட்டாய் கூடத் தின்னதில்ல. என்ன வந்திருக்கு, அதைச் சொல்லு. தாங்கிப்பேன்."

"அது ரத்தமே இல்லங்க."

மெஷின் சத்தம் நின்றது.

"ரத்தம் இல்லியா?"

"இல்ல. உங்க தசை உடைஞ்சு கரைஞ்சு வருது. அந்த ஸ்ட்ரிப்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நான்தான் உங்களுக்கு ஒழுங்கா சொல்லிக் குடுக்கல. அது போகட்டும், தசை சும்மா உடையாதுங்க. என்ன பண்ணீங்க?"

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் அழுகிறாரோ என்று நினைத்தாள். அழுதுகொண்டுதான் இருந்தார்.

"படி ஏறினேன்," என்றார் கடைசியில்.

விஷயம் இதுதான். விடுமுறை ஆரம்பித்ததிலிருந்து தினமும் அதிகாலையில் வாக்கிங் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர் தெருவுக்கே போகவில்லை. பெரிய முதுகுப்பை ஒன்றை வாங்கிப் படிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். அதில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு, கீழிருந்து மூன்றாவது மாடிவரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்திருக்கிறார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் உடம்பைத் தேற்றிவிட வேண்டும் என்று கணக்கு. பாட்டில்களைக் கூட்டிக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை மகளின் எடை அளவுக்கே நிரப்பிக்கொண்டார். வெயில் ஏறியும் விடவில்லை. கால் மடங்கும்வரை ஏறி, கைப்பிடிக் கம்பியில் கையை ஊன்றி உடம்பை இழுத்து இழுத்து மறுபடியும் ஏறினார். முதுகில் அவ்வளவு தண்ணீரைச் சுமந்த மனுஷர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. புத்திசாலித்தனத்துக்கும் பாசத்துக்கும் ஆகாது போலிருக்கிறது.

"ஏங்க இப்படி?"

"அன்னிக்குப் பாதியில உக்காந்துட்டேன்ல. அவ பாத்துட்டா. அப்புறம் நான் எதுக்கும்மா இருக்கேன்?"

"கடையை அப்படியே போட்டுட்டு வாங்க. உடனே. டாக்ஸில வாங்க, படி ஏறாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் அவரை வார்டில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். கிட்னி கொஞ்சம் திணறுகிறது, நேரத்தோடு வந்ததால் பயமில்லை, தண்ணீர் ஏற ஏறச் சரியாகிவிடும் என்று வார்டு டாக்டர் சொன்னார். பக்கத்தில் நின்றவளுக்கு அப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது. டாக்டர் போகிற போக்கில் ஒன்று சேர்த்துச் சொன்னார்.

"தசை ஆறணும் சார். கொஞ்ச மாசத்துக்கு வெயிட் எதுவும் தூக்கக் கூடாது."

"பொண்ணை மட்டும் தூக்கிக்கலாமா டாக்டர்?"

"பொண்ணையும்தான். அப்புறமும்கூட வேற ஏற்பாடு பண்றது நல்லது. வயசாகுதில்ல?"

புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுகூட அவர் முகம் இப்படி விழவில்லை. அவள் போர்வையை இழுத்து விட்டாள். கீழ்த்தளமாகப் பார்த்து வீடு மாறலாம் என்றாள். படிக்கட்டில் ஓடுகிற நாற்காலி வந்திருக்கிறதாம், விசாரிக்கலாம் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் தெரியும், வீடு மாறுவதா இப்போது பிரச்சினை?

மகளுக்குப் போன் பண்ணி, அப்பாவுக்குத் தண்ணீர்ச்சத்து குறைந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வேலை முடிந்ததும் வருகிறேன், பயப்படாதே என்று சொல்லி வைத்திருந்தாள். பாதிதான் சொன்னாள். பழக்கதோஷம்.

சாயங்கால வெயில் வார்டுக்குள் வந்திருந்தபோது கதவுப் பக்கம் ஒரு கிரீச் சத்தம். எண்ணெய் காணாத சக்கரம். அவள் திரும்பினாள். பழைய நாற்காலியில், கீழே படிக்கட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டிய நாற்காலியில், மகள் உட்கார்ந்திருந்தாள். உடுப்பின் பின்பக்கமெல்லாம் புழுதி. உள்ளங்கையில் சிராய்ப்பு.

"நீ எப்படிடி வந்த?"

"டாக்ஸில. அந்த டிரைவர் அண்ணாவுக்கு நாற்காலியை மடக்கவே தெரியல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அதில்ல. மூணு மாடியை எப்படி இறங்கின? யாரு தூக்கினா?"

"யாரும் தூக்கல. உக்காந்து உக்காந்து இறங்கினேன்." கைகளைப் பின்னால் ஊன்றி உடம்பை ஒரு படி கீழே விடுவதைப்போல நாற்காலியிலேயே செய்து காட்டினாள். "ஸ்கூல் பிசியோ மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. ஏறவும் வரும். லீவு நாள்ல நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் பழகுவேன்."

படுக்கையில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். டிரிப்ஸ் குழாய் இழுபட்டது. "எப்பலேர்ந்து?"

"மழைக்காலத்துலேர்ந்து."

"மழைக்காலத்துலேர்ந்தா! ஒரு வார்த்தை சொல்லலியே?"

மகள் சக்கரத்தின் ரப்பரை நகத்தால் சுரண்டினாள்.

"சொன்னா நீ தூக்க மாட்டல்ல," என்றாள்.

அவர் இழுபட்ட டிரிப்ஸ் குழாயைச் சரிசெய்தார்.

"நீ தினம் காலைல படில மூச்சு வாங்கறது எனக்குக் கேக்கும்ப்பா. நான் என்ன செவிடா? வாக்கிங்காம் வாக்கிங். சொல்லிடலாம்னு தினம் நினைப்பேன். இன்னும் ஒருதடவை தூக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்துட்டேன். என்னாலதான் உனக்கு இப்படி ஆயிடுச்சு." சொல்லிவிட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சின்ன வயசில் அழுததைப்போல, சத்தமாக. பக்கத்துப் படுக்கைக்காரர் ரேடியோவைத் தணித்தார்.

அம்மாவுக்கு ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. போகவில்லை. இது அவர்கள் இரண்டு பேரின் கணக்கு.

"உன்னாலயும் இல்ல, யாராலயும் இல்ல," என்றார் அவர். "நான் தண்ணி குடிக்காததால. உங்கம்மாவைக் கேளு." பிறகு கேட்டார்: "தனியா இறங்கறப்ப பயமா இல்லியாடா?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "பயமெல்லாம் இல்ல. போரடிச்சுது. கூடப் பேச ஆளே இல்ல."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது வயிற்றுத் தசையும் வலித்திருக்க வேண்டும். ஆ என்று கத்திக்கொண்டே சிரித்தார். டிரிப்ஸ் ஏறாத கையை நீட்டினார். மகள் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அதற்குமேல் அம்மாவுக்கும் பொறுக்கவில்லை, போய்ச் சேர்ந்துகொண்டாள்.

சிறுநீர் தெளிந்து, கிட்னி பழையபடி ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் ஸ்ட்ரிப்பை அவள் அவரிடமே கொடுத்தாள். கட்டம் பச்சையாகாமல் மஞ்சளாகவே இருந்தது. இந்தமுறை உட்கார வைத்து, ஹீமோகுளோபின் எது, மயோகுளோபின் எது என்று முழு வகுப்பு எடுத்தாள். அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, "அப்ப அந்த மயோகுளோபின் வீட்டை விட்டே வெளிய போகாதுன்னு சொல்லு" என்றார். போகாது என்றாள்.

கட்டடத்து வாசலில் டாக்ஸி நின்றது. மகள் நாற்காலியைப் படிக்கட்டுக்கு அடியில் விட்டுவிட்டு, முதல் படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். கைகளைப் பின்னால் ஊன்றி உடம்பை மேலே தூக்கினாள். ஒரு படி. கால்களைக் கையால் இழுத்து வைத்தாள். மறுபடியும் ஊன்றினாள். அவர் பக்கத்தில் நின்றார். இரண்டு கையும் சும்மா தொங்கின. அவற்றை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முன்னால் நீட்டினார், மடக்கினார், பின்னால் கட்டிக்கொண்டார்.

பிறகு அவர் திரும்பி, மகளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். கைகளைப் பின்னால் ஊன்றினார். ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தார்.

"ஐயோ, உன் கையையே ஊனாதப்பா. காலை உதைச்சு ஏறு. உனக்குத்தான் கால் இருக்கே," என்றாள் மகள்.

"மிஸ் சரியாச் சொல்லிக் குடுத்தாங்களா, இல்ல நீயே விடற கதையா?"

"சொன்னதைச் செய். பேசாம வா."

"பேசாம வரவா கூட வர்றேன்?"

அம்மா பைகளைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டி மேலே போனாள். கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரித் துணிகளை ஊற வைத்தாள். சாப்பாட்டைச் சூடு பண்ணி மூன்று தட்டு எடுத்து வைத்தாள். இன்னும் வரவில்லை. வாசலில் வந்து நின்று கைப்பிடிக் கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இரண்டு தலைகள் ஒட்டினாற்போல் இருந்தன. ஏறுவதாகவே தெரியவில்லை. எதையோ பற்றிக் காரசாரமாக வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது, என்னவென்று கேட்கவில்லை.

உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிடவில்லை.